பீற்றர்பரோ லிஃப்ட் லொக்: அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

வடலி (வெள்ளி, இரவு 10.15)

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஊரிலிருந்து வந்து ஐந்து வாரம் ஆகிறது. வயது 74, முழங்கால் வலி. நயாகராவும் சிஎன் கோபுரமும் பார்த்தாகிவிட்டது. மூன்று கோயில், நான்கு பிறந்தநாள் விழா, கடைத்தொகுதிகளுக்குக் கணக்கே இல்லை. "அடுத்து எங்கே?" என்று அவர் வாய்விட்டுக் கேட்பதில்லை. சனிக்கிழமை காலையில் குளித்து, சட்டையை மாற்றிக்கொண்டு, சோபாவின் நுனியில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

வேலையிடத்தில் ஒருவர் பீற்றர்பரோவில் இருக்கும் படகு லிஃப்டைப் பார்க்கச் சொன்னார். கால்வாயில் வரும் படகை, அது மிதக்கும் தண்ணீரோடும் தொட்டியோடும் சேர்த்து மேலே தூக்குமாம். 1904-இல் கட்டியது, இன்றைக்கும் ஓடுகிறது என்றார். பதினொரு வருடமாக ஸ்காபரோவில் இருக்கிறேன், 115 நெடுஞ்சாலையில் பல தடவை போயிருக்கிறேன், ஒரு நாளும் உள்ளே திரும்பியதில்லை.

போனவர்கள் சொல்லுங்கள். நடக்க முடியாத ஒருவரை ஒன்றேகால் மணி நேரம் காரில் உட்காரவைத்துக் கொண்டுபோகும் அளவுக்கு அங்கே ஏதாவது இருக்கிறதா?

கரையோரம் (வெள்ளி, இரவு 10.52)

இல்லை.

விளக்கம் வேண்டுமென்றால் சொல்கிறேன். போன வருடம் குடும்பத்தோடு போனோம். பெரிய கொங்கிறீற்றுச் சுவர், அதற்கு நடுவே இரண்டு இரும்புத் தொட்டி. படகு வரும் என்று 50 நிமிடம் காத்திருந்தோம். கடைசியில் ஒரு சின்னப் படகு வந்தது. தொட்டி மேலே போனது. ஒன்றரை நிமிடம். முடிந்தது. "இவ்வளவுதானா அப்பா?" என்று சின்னவன் கேட்டான். பெரியவன் கேட்கவே இல்லை, போனை விட்டுத் தலை நிமிர்ந்தால்தானே. திரும்பும் வழியில் வாங்கிக் கொடுத்த உருளைக்கிழங்குப் பொரியல்தான் அன்றைய பயணத்தில் இருவருக்கும் நினைவிருக்கிறது.

சுழியன் (சனி, காலை 6.30)

கரையோரம் அண்ணா, கோபிக்க வேண்டாம். நீங்கள் பார்த்தது ஒரு தொட்டியைத்தான். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கியதைக் கவனித்தீர்களா? விஷயமே அங்கேதான் இருக்கிறது.

வடலி, கட்டாயம் போங்கள். ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். தெரியாமல் போனால் அண்ணா சொன்ன கதைதான்.

சாதாரண லொக் என்பது முன்னும் பின்னும் கதவு வைத்த ஓர் அறை. படகு உள்ளே வந்ததும் கதவை மூடித் தண்ணீரை விடுவார்கள், நீர்மட்டத்தோடு படகும் உயரும். பீற்றர்பரோ வழியாகப் போகும் ட்ரென்ட்–செவேர்ன் நீர்வழியில் பெரும்பாலானவை அந்த வகைதான். பீற்றர்பரோவில் சிக்கல் என்னவென்றால், ஒரே இடத்தில் 65 அடி, அதாவது 19.8 மீட்டர் ஏற வேண்டும். சாதாரண லொக் என்றால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கட்ட வேண்டியிருக்கும். அதனால்தான் தொட்டியையே தூக்கும் யோசனை.

இரண்டு தொட்டிகள். ஒவ்வொன்றும் 140 அடி நீளம், 33 அடி அகலம். ஒவ்வொன்றின் அடியிலும் ஏழரை அடி விட்டமுள்ள ஒரே ஒரு உருளைத் தண்டு. அந்தத் தண்டு நிலத்துக்குள் இருக்கும் குழாய்க் கிணற்றுக்குள் இறங்கி ஏறும். 65 அடி ஏறுகிற தண்டுக்கு அதே அளவு ஆழத்துக்குக் கீழேயும் இடம் வேண்டும் அல்லவா? ஆகவே நாம் வெளியே நின்று பார்ப்பது பாதியைத்தான், மற்றப் பாதி நிலத்துக்குள் இருக்கிறது. இரண்டு கிணறுகளையும் ஒரு குழாய் இணைக்கிறது. நடுவில் ஒரு வால்வு. ஒரு தொட்டி கீழே இறங்கினால் அதன் தண்டு தள்ளும் தண்ணீர் அடுத்த கிணற்றுக்குப் போய் மற்றத் தொட்டியைத் தூக்கும்.

எது முதலில் இறங்கும்? மேலே நிற்கும் தொட்டியை, மேல் கால்வாயின் நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு அடி தாழ்வாக நிறுத்துவார்கள். கதவைத் திறந்ததும் அதற்குள் ஒரு அடி தண்ணீர் கூடுதலாக வந்துவிடும். பிறகு கதவை மூடி வால்வைத் திறந்தால் பாரமான தொட்டி தானாக இறங்கும், மற்றது தானாக ஏறும். தூக்குவதற்கென்று மோட்டார் கிடையாது.

பள்ளியில் இந்தத் தண்டுக்கு "முசலம்" என்று படித்தோம். முசலம் என்றால் உலக்கை. இங்கே போய் நின்று பார்த்தபோதுதான் அந்தச் சொல்லின் பொருத்தம் எனக்கு உறைத்தது. இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி இடிக்கும் உரல்போல, ஒன்று மேலே போக ஒன்று கீழே.

மார்க்கம் மல்லிகை (சனி, காலை 9.05)

சுழியன், ஒரு சந்தேகம். மேல் தொட்டியில் சின்னப் படகு, கீழ்த் தொட்டியில் பெரிய உல்லாசப் படகு இருந்தால் கீழே இருப்பதுதானே பாரம்? ஒரு அடித் தண்ணீர் அதற்குப் போதுமா? அந்த உல்லாசப் படகு 30 தொன் இருக்காதா?

அடையாற்று ஆலமரம் (சனி, காலை 9.40)

எனக்கும் அதே கேள்வி. ஒவ்வொரு முறையும் படகுகளை எடை போட்டு, அதற்கேற்பத் தண்ணீரைக் கூட்டிக் குறைப்பார்கள் என்று நினைக்கிறேன்.

போன மாதம்தான் பீட்டர்பரோ போய் வந்தேன். உலகத்திலேயே உயரமான படகு லிஃப்ட் அது. இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட்டில் கட்டிய முதல் பெரிய கட்டடமும் அதுதான். டொராண்டோவுக்குப் பக்கத்தில் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

கணக்கு வாத்தி (சனி, காலை 10.20)

மூன்று திருத்தம், ஒரு கணக்கு.

ஆலமரம் தம்பி, முதலில் "டொராண்டோ". இந்த இழையில் அதை "ரொறன்ரோ" என்று எழுதுவோம். நீங்கள் உங்கள் விருப்பப்படி எழுதலாம், நாங்கள் உங்களைத் திருத்திக்கொண்டே இருப்போம்.

இரண்டாவது, உலகத்திலேயே உயரமான படகு லிஃப்ட் அது அல்ல. பெல்ஜியத்தின் ஸ்ற்றெப்பி-தியூ 73 மீட்டர். சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையில் 2016-இல் வந்த கப்பல் லிஃப்ட் 113 மீட்டர். அவற்றில் கம்பி வடமும் பற்சக்கரமும் வேலை செய்கின்றன. நீரழுத்தத்தால் இயங்கும் லிஃப்டுகளில் உயரமானது என்று சொன்னால் பீற்றர்பரோவுக்கு அந்தப் பட்டம் இன்னும் இருக்கிறது.

மூன்றாவது, கம்பி வைத்த கொங்கிறீற்று என்பது முழுத் தலைகீழ். கம்பி வைக்காமல் கட்டியவற்றில் அன்றைக்கு உலகிலேயே பெரியது என்பதுதான் அதன் பெருமை. ஏறத்தாழ 20,000 கன மீட்டர் கொங்கிறீற்று, அவ்வளவும் கம்பி இல்லாமல்.

இனி மல்லிகை அக்காவின் கேள்விக்கு. படகை எடைபோட வேண்டிய அவசியமே இல்லை. விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய சருவத்தில் ஒரு தேங்காயை மெதுவாக விடுங்கள். தண்ணீர் வழியும். வழிந்த தண்ணீரை நிறுத்துப் பாருங்கள், தேங்காயின் எடையாகத்தான் இருக்கும். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரை வெளியேற்றும், அவ்வளவுதான். 30 தொன் படகு தொட்டிக்குள் வரும்போது 30 தொன் தண்ணீர் கால்வாய்க்குள் போய்விடும். நீர்மட்டம் ஒன்றாக இருந்தால் தொட்டியின் எடையும் ஒன்றுதான், உள்ளே உல்லாசப் படகு இருந்தாலும், வாத்துக் குடும்பம் இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும்.

அந்த ஒரு அடியையும் கணக்குப் போடுவோம். 42.7 மீட்டர் நீளம், 10.06 மீட்டர் அகலம், 0.305 மீட்டர் உயரம். பெருக்கினால் 131 கன மீட்டர், அதாவது 131 தொன். ஒவ்வொரு தொட்டியும் தண்ணீரோடு சேர்த்து ஏறத்தாழ 1,500 தொன். இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் இந்த 131 தொன்னே போதும்.

மார்க்கம் மல்லிகை (சனி, காலை 11.48)

சருவமும் தேங்காயும் வைத்துப் பார்த்தேன். சமையலறை முழுக்கத் தண்ணீர். வழிந்ததைப் பிடித்து நிறுத்தேன், தேங்காயைவிட 20 கிராம் குறைவு. தரையைத் துடைத்த துணியில் அந்த 20 கிராம் இருக்கும் என்று நம்புகிறேன். ஒப்புக்கொள்கிறேன் வாத்தியார்.

கரையோரம் (சனி, பிற்பகல் 12.30)

நல்ல பாடம்தான். ஆனால் 74 வயது மனிதர் பௌதிகப் பரீட்சைக்கா போகிறார்? வெயிலில் நின்று படகு வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

மூன்றாம் மைல் (சனி, பிற்பகல் 1.15)

நான் கரையோரத்தைவிட மோசமாக மாட்டினேன். நவம்பர் முதல் கிழமை போனேன். நீர்வழி மே நடுப்பகுதியில் திறந்து, ஒக்ரோபரில் நன்றியறிதல் நாளோடு மூடிவிடும் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஒரு தொட்டி மேலே, ஒன்று கீழே, இரண்டும் அசையவில்லை. காற்று முகத்தில் அறைந்தது. நாயோடு நடந்து வந்த ஒரு பெண்மணி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "மே மாதம் வாருங்கள்" என்று சொல்லிப் போனார். தப்பு முழுக்க என்னுடையது, போகுமுன் ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

ஆனால் விடவில்லை. ஜனவரியில் மறுபடி போனேன். தண்ணீர் உறைந்து, லிஃப்டின் காலடியில் கால்வாயே சறுக்குத் தளமாகியிருந்தது. அந்தப் பெரிய கோபுரங்களின் கீழே பிள்ளைகள் விழுந்து எழும்பிச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது. வடலியின் அப்பாவுக்கு அது ஒத்துவராது.

சுழியன் (சனி, பிற்பகல் 2.00)

கரையோரம் அண்ணா கேட்டது நியாயமான கேள்வி. பதில் இதுதான்: கரையில் நிற்க வேண்டாம், படகிலேயே ஏறிவிடுங்கள்.

கோடையில் நகர நடுவில், லிற்றில் லேக் கரையிலிருந்து சுற்றுலாப் படகு புறப்படும். முதலில் 20-ஆம் இலக்க லொக், அது சாதாரண வகை. பிறகு 21-ஆம் இலக்கம், நம்முடைய லிஃப்ட். அப்பா கதிரையில் உட்கார்ந்தபடியே 65 அடி உயருவார். படி ஏறத் தேவையில்லை, வெயிலிலும் நிற்கத் தேவையில்லை. இரண்டு வகை லொக்கையும் அடுத்தடுத்துப் பார்ப்பதால் வித்தியாசமும் தானாக விளங்கிவிடும். சனி, ஞாயிறு என்றால் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

கரையில் நின்று பார்ப்பதற்கு டிக்கெட் கிடையாது. அப்படிப் பார்க்கிறவர்கள் முதலில் கீழே நின்று ஒரு தடவை பார்க்க வேண்டும், பிறகு பக்கத்துப் படிகளில் ஏறி மேலே நின்று இன்னொரு தடவை. கீழே நின்றால் பாரம் தெரியும், மேலே நின்றால் உயரம் தெரியும். மேலே நிற்கும் தொட்டியின் விளிம்புக்கு அப்பால் ஊர் விரிந்து கிடக்கும். படகுக்கும் அந்த வெளிக்கும் நடுவே ஒரு கதவுதான். அந்தக் காட்சி எனக்கு இன்னும் பழகவில்லை.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் ரிவர்வியூ பூங்கா மிருகக்காட்சிசாலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் அனுமதிக் கட்டணம் இல்லை. கரையோரம் அண்ணாவின் சின்னவனுக்கு அதையாவது முதலில் காட்டியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திராது.

பழைய பேப்பர் (சனி, மாலை 6.10)

எல்லோரும் தொட்டியைப் பற்றிப் பேசுகிறீர்கள், கட்டிய மனிதரைப் பற்றி யாரும் பேசவில்லையே.

ரிச்சர்ட் பேர்ட்சால் ரொஜர்ஸ். பீற்றர்பரோப் பகுதிக்காரர், மக்கில் பல்கலைக்கழகத்தில் படித்தவர், 1884-இல் இருந்து ட்ரென்ட் கால்வாயின் மேற்பார்வைப் பொறியாளர். 1896-இல் ஐரோப்பா போய், அப்போது இயங்கிக்கொண்டிருந்த லிஃப்டுகளை நேரில் பார்த்தார். இங்கிலாந்தில் அண்டர்ட்டன், 1875-இல் திறந்தது. பிரான்சில் லே ஃபொன்ரினெற், பெல்ஜியத்தில் லா லூவியேர், இரண்டும் 1888. மூன்றும் ஏறத்தாழ 13 முதல் 15.4 மீட்டர்வரைதான். அண்டர்ட்டனில் 1882-இல் படகு உள்ளே இருக்கும்போதே ஒரு குழாய் வெடித்த கதையும் பொறியாளர்களுக்குத் தெரிந்ததுதான். இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்த மனிதர், "நாம் 20 மீட்டர் தூக்குவோம், கொங்கிறீற்றில் கட்டுவோம்" என்கிறார். கனடாவில் அப்போது கொங்கிறீற்றை நம்புகிறவர்கள் குறைவு, பெரிய வேலை என்றால் கல் கட்டுத்தான். அவர் பிடிவாதமாக நின்றார். இரும்பு வேலையை மொன்றியலின் டொமினியன் பிரிட்ஜ் நிறுவனம் செய்தது. 1904 ஜூலை 9-ஆம் திகதி ஆயிரக்கணக்கான மக்கள் முன்னால் திறந்தார்கள்.

இரண்டு வருடத்தில் அவர் வேலை போய்விட்டது.

கால்வாய் வேலை அங்கே எப்போதும் அரசியல். தேர்தல் நெருங்கினால் பணம் வரும், முடிந்தால் நிற்கும். 1833-இல் பொப்கேஜனில் தொடங்கிய நீர்வழி 1920-இல்தான் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை முழுமையானது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ரொஜர்ஸை நியமித்தது கொன்சர்வேற்றிவ் அரசு, லிஃப்ட் திறக்கும்போது இருந்தது லிபரல் அரசு. ஹென்றி ஹோல்கேற் என்ற பொறியாளரை அனுப்பி லிஃப்டைப் பரிசோதித்தார்கள். வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் குறை என்று அறிக்கை வந்தது. 1906-இல் ரொஜர்ஸ் பதவி விலகினார். இதே ஹோல்கேற்தான் அடுத்த வருடம் கியூபெக் பாலம் இடிந்ததை விசாரித்த ஆணைக்குழுவுக்குத் தலைவர். ஆட்சி மாறிய பிறகு நடந்த மறு ஆய்வு ரொஜர்ஸ் பக்கம் குற்றமில்லை என்றது. 1927-இல் இறந்தார்.

குறை என்று எழுதிய லிஃப்ட் நூறு வருடம் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் நேரில் போய்ப் பார்த்து வந்த அண்டர்ட்டனின் கதை வேறு. மாசுபட்ட தண்ணீரால் தண்டுகள் அரித்து, 1908-இல் நீரழுத்தத்தையே கைவிட்டு மின்சாரத்துக்கும் எதிரெடைகளுக்கும் மாறினார்கள். 1983-இல் மூடினார்கள். மறுபடி திறந்தது 2002-இல்.

அடையாற்று ஆலமரம் (சனி, மாலை 7.25)

திருத்தங்களை ஏற்றுக்கொள்கிறேன், "ரொறன்ரோ" தவிர.

இவ்வளவு செலவழித்துக் கட்டியதில் என்ன சரக்குப் போனது என்று தேடினால் ஏமாற்றம்தான். ஒன்ராறியோ ஏரியிலிருந்து ஜோர்ஜியன் விரிகுடாவரை 386 கிலோமீட்டர் இணைத்து முடிப்பதற்குள் ரயில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. பெரிய கப்பல்கள் இதற்குள் நுழையவும் முடியாது. எங்கள் சென்னையில் பக்கிங்காம் கால்வாய்க்கும் அதே கதி. அங்கேயும் ஒரு காலத்தில் லாக் வைத்துப் படகு ஓட்டினார்கள், உப்பும் விறகும் வந்தன. இன்று அதற்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன, ஓடுவது சாக்கடை. வேலை இல்லாமல் போன கால்வாயை ஒரு ஊர் விடுமுறைக்கு வைத்துக்கொண்டது, இன்னொரு ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறது. பீட்டர்பரோவில் அந்த லிஃப்டைப் பார்த்தபோது எனக்கு வந்தது வியப்பு இல்லை, பொறாமை.

காட்டு நெல் (ஞாயிறு, காலை 8.50)

ஒரு பக்கக் கதையே ஓடுகிறது. நானும் அங்கே படித்தவள்தான், லிஃப்டுக்கு மேலே கால்வாய்க் கரையில் நான்கு வருடம் நடந்திருக்கிறேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பீற்றர்பரோவுக்கு அந்த மண்ணின் மக்கள் வைத்த பெயர் நோகோஜிவனோங். நீர்வீச்சுகள் முடியும் இடம் என்று பொருள். ஒட்டனபி ஆறு அந்த இடத்துக்கு மேலே பாறைகளில் சுழித்துக்கொண்டு இறங்கும், அதனால் அவர்கள் தோணியைத் தோளில் தூக்கிக்கொண்டு தரைவழி நடப்பார்கள். அந்த உயரத்தில் ஒரு பகுதியைத்தான் இந்த லிஃப்ட் ஒன்றரை நிமிடத்தில் கடக்கிறது. பார்க்கப்போகிறவர்கள் அதையும் நினைக்கலாம்.

நீர்வழிக்காக அணை கட்டி ஏரிகளின் மட்டத்தை உயர்த்தியபோது மனோமின் அழிந்தது. மனோமின் என்றால் ஆழமில்லாத தண்ணீரில் தானாக விளையும் ஒரு தானியம். தோணியில் போய்க் கதிரை வளைத்துத் தட்டி அறுவடை செய்வார்கள். பீற்றர்பரோவுக்குத் தெற்கே ரைஸ் லேக் என்ற பெயரே அதனால் வந்தது. தண்ணீர் கொஞ்சம் ஆழமானால் போதும், பயிர் மூழ்கிவிடும். 1923-இல் அரசு செய்த வில்லியம்ஸ் ஒப்பந்தங்களோடு அந்த மக்களுக்கு வேட்டை, மீன்பிடி உரிமையும் போனது. 2018-இல்தான் அரசு மன்னிப்புக் கேட்டுத் தீர்வு கண்டது.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் அந்த லிஃப்ட் பிடிக்கும். குளம் கட்டினால் யாருடைய வயல் மூழ்கும் என்பது நமக்குத் தெரியாத விஷயமா?

கரையோரம் (ஞாயிறு, காலை 9.30)

இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. அங்கே நின்ற 50 நிமிடத்தில் எனக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

வடலி (அடுத்த திங்கள், இரவு 9.20)

போய் வந்தோம். எல்லோருக்கும் நன்றி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை படகுக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். ஹண்டர் வீதியில், லிஃப்டுக்கு அடியால் போகும் ஒற்றைவழிக் குடைவுக்குள் வேண்டுமென்றே காரை ஓட்டிப்போனேன். "இதற்கு மேலே படகு போகிறது" என்று சொன்னதும் அப்பா கூரையை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றச் சொன்னார்.

படகில் மேல்தட்டில் நிழலாக ஓர் இடம் கிடைத்தது. 20-ஆம் லொக்கில் தண்ணீர் ஏறும்போது பேசிக்கொண்டே வந்தார், கீரிமலைக் கேணியில் நீந்திய கதை. லிஃப்டின் தொட்டிக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கொங்கிறீற்றுக் கோபுரம், சுவரில் தண்ணீர் வழிந்து கறுத்த கோடுகள், பின்னால் கதவு மூடும் சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. கரை கீழே போகத் தொடங்கியபோதுதான் நாங்கள் ஏறுகிறோம் என்பதே தெரிந்தது. ஆட்டம் இல்லை, குலுக்கல் இல்லை. அப்பாவின் தேநீர்க் கோப்பையில் தேநீர்கூட அசையவில்லை, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பாதி வழியில் அடுத்த தொட்டி எங்களுக்கு நேராக வந்தது. அதற்குள் ஒரு சின்னப் படகு, மஞ்சள் மிதவைச் சட்டை போட்ட ஒரு பெண் பிள்ளை. ஒரு கணம் இரண்டு படகும் ஒரே மட்டத்தில் நின்றதுபோல இருந்தது. அந்தப் பிள்ளை கை காட்டியது. அப்பாவும் கையைத் தூக்கினார், அதற்குள் அவள் கீழே போய்விட்டாள்.

மேலே வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "துலாவில் நடக்கிறவன் எங்கே?"

எனக்கு உடனே பிடிபடவில்லை. துலா தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் தோட்டக் கிணற்றில் இறைக்கும் நெடிய மரம். பின்பக்கம் பாரம் இருக்கும். மேலே ஒருவரோ இருவரோ ஏறி முன்னும் பின்னும் நடப்பார்கள். முன்னால் நடந்தால் தண்ணீர் அள்ளும் பட்டை கிணற்றுக்குள் இறங்கும், பின்னால் நடந்தால் நிரம்பி மேலே வரும். கீழே ஒருவர் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவார். பாரம் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் நடப்பவரின் எடையே போதும். அப்பா பன்னிரண்டு வயதிலிருந்து விடியற்காலையில் பெரியப்பாவோடு துலா மிதித்தவர்.

கணக்கு வாத்தி ஐயா எழுதியதை அப்படியே சொன்னேன். மேல் தொட்டிக்குள் ஒரு அடித் தண்ணீர் கூடுதலாக வரும், அந்த 131 தொன்தான் எல்லாவற்றையும் அசைக்கிறது என்று. கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ தண்ணீரே நடக்கிறதா!"

அதற்குப் பிறகு என்னைவிட அவருக்குத்தான் அதிகம் விளங்கியது. இறங்குவதற்குக் காத்திருந்தபோது, கதவு திறந்ததும் தொட்டிக்குள் தண்ணீர் வருகிறதா என்று விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தது. "ஏறிவிட்டான்" என்று மெதுவாகச் சொன்னார்.

கரைக்கு வந்தபிறகு பார்வையாளர் நிலையத்தில் மாதிரியைப் பார்த்தார். பிறகு புல்வெளியில் மடக்குக் கதிரையைப் போட்டு, இன்னும் மூன்று தடவை தொட்டி ஏறி இறங்குவதைப் பார்த்தார். அந்த நேரம் முழுக்கப் பெரியப்பாவின் கதைதான். ஒரு தடவை பனியில் துலா வழுக்கிப் பெரியப்பா கிணற்றுக்குள் விழுந்ததையும், அப்பா பட்டைக் கயிற்றை இறக்கித் தூக்கியதையும் எனக்கு நாற்பது வயதில் முதல் தடவையாகச் சொன்னார். காட்டு நெல் எழுதியதையும் சொன்னேன். "கதிரைத் தட்டித் தோணிக்குள்ளேயே விழுத்துவார்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். திரும்பும்போது ரைஸ் லேக் பக்கமாகப் போகலாமா என்றார். நேரமில்லை, அடுத்த முறை என்று சொல்லியிருக்கிறேன்.

சுழியன் (திங்கள், இரவு 9.45)

தண்ணீரே நடக்கிறது. இருபது வருடமாக எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக எனக்கு வரவில்லை. அப்பாவுக்கு என் வணக்கம். அடுத்த முறை இதே நீர்வழியில் கேர்க்ஃபீல்டில் இருக்கும் மற்ற லிஃப்டுக்கும் கூட்டிப்போங்கள். 1907-இல் திறந்தது, 49 அடிதான். ஆனால் அங்கே கோபுரங்களுக்குப் பதிலாக இரும்புச் சட்டங்கள், உள்ளே நடப்பது வெளியே தெரியும். துலா தெரிந்தவருக்கு அது இன்னும் பிடிக்கும்.

கணக்கு வாத்தி (திங்கள், இரவு 10.10)

துலாவில் நடப்பவர் 60 கிலோ, இங்கே நடப்பவர் 131 தொன். மற்றதெல்லாம் ஒன்றுதான்.

கரையோரம் (திங்கள், இரவு 11.02)

சரி, சரி. சின்னவன் இதை வாசித்துவிட்டு மறுபடி போக வேண்டும் என்கிறான். படகு எத்தனை மணிக்கு, வடலி? பெரியவனுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க வேண்டும், போனை வீட்டில் வைத்துவிட்டு வருவானா தெரியவில்லை.

வடலி (திங்கள், இரவு 11.15)

நாங்கள் போனது காலை 11 மணிப் படகு. நேரம் மாறலாம், எடுக்குமுன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இடது பக்கம் உட்காருங்கள் அண்ணா, ஏறும்போது அடுத்த தொட்டி எங்களுக்கு அந்தப் பக்கமாகத்தான் வந்தது. வலது தொட்டிக்குள் விட்டார்கள் என்பதால் அப்படி. உங்களை மற்றதற்குள் விட்டால் எழும்பி இடம் மாறிவிடுங்கள்.